திறந்த டியூபுக்கு எது தேதி?

பெங்களூரு காக்ஸ் டவுன் மருந்துக்கடையில் பெட்டாமெத்தசோன் வேலரேட் களிம்பு வாங்குபவர் டியூபின் அடிமடிப்பைப் பார்த்துக் காலாவதித் தேதியைத் தெரிந்துகொள்கிறார். (2018 மார்ச்சில் ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்த பிறகு இதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும், பல இடங்களில் கேட்டாலே கிடைக்கிறது என்பது வேறு கதை.) அந்தத் தேதி சும்மா போட்டதல்ல. மூடிய டியூப்களை 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதத்தில் நீண்ட காலமும், 40 டிகிரி, 75 சதவீதத்தில் 6 மாதமும் வைத்து, மருந்து எவ்வளவு சிதைகிறது என்று அளந்து முடிவு செய்வது. ஆனால் சோதனைக்கு உள்ளானது மூடிய டியூப். திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் நிறுவனங்களே சோதித்து அச்சிட வேண்டும்.

இந்த மருந்துக்கு அது இன்னும் அவசியம். இதில் வேலரேட் என்ற பகுதி ஸ்டீராய்டின் 17ஆம் கார்பனில் ஒட்டியிருக்கிறது. களிம்பு ஓரளவு அமிலத்தன்மையோடு இருக்கும்வரை அங்கேயே நிற்கும். அமிலத்தன்மை குறைந்தால் 21ஆம் கார்பனுக்கு நகர்ந்துவிடும். அணுக்கள் அதே, எடையும் அதே. வீரியம் மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணுக்கோ மூக்குக்கோ எதுவும் தெரியாது. வீரியத்தைக் குறைக்கவோ செலவை மிச்சப்படுத்தவோ மாய்ஸ்சரைசரோடு பாதிக்குப் பாதி கலந்து டப்பாவில் வைத்துப் பூசுபவர்கள் உண்டு. அந்தக் கலவையில் அமிலத்தன்மை என்ன ஆனது என்று யார் பார்த்தார்கள்? டியூபின் தேதி அதற்குச் செல்லாது.

வெப்பத்தில் மருந்து கெடும் என்று பயப்பட வேண்டாம், பெங்களூரு குளிர்ந்த ஊர்தானே என்பார்கள். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி அடித்தது. சில நாள் வெயில் மருந்தைக் கெடுத்துவிடாது என்பது உண்மைதான்; ஆனால் மேலே சொன்ன நகர்வு, வெயில் இல்லாமலே கலவையில் தொடங்கக்கூடியது. ஸ்டீராய்டு வலுவிழந்தால் நல்லதுதானே என்றும் கேட்கலாம். அப்படி நடப்பதில்லை. குணம் காணாதவர் இன்னும் தடிமனாகப் பூசுவார், அல்லது குளோபெட்டாசோல் போன்ற கடும் களிம்புக்குத் தாவுவார். தோல் மெலிவது அங்கேதான். சிறு நிறுவனங்களுக்குச் செலவு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் சோதனை அறையும் அளக்கும் கருவியும் ஏற்கெனவே வேண்டியவைதான். கூடுவது சில மாதிரிகள். கண் சொட்டு மருந்தில், முக்கியமாகக் கிருமிக்குப் பயந்து, திறந்த ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்லி அச்சிடுகிறார்கள். களிம்புக்கும் ஒரு வரி சேர்க்க டியூபில் இடம் இருக்கிறது. எல்லா மருந்துக்கும் ஒரே நாளில் வேண்டாம். பெட்டாமெத்தசோன் வேலரேட்டில் தொடங்கி, வேறு க்ரீமோடு கலக்கலாமா என்பதையும் அதே வரியில் சொல்லலாம்.