க்யூவுல அடுத்தது யாருப்பா?

ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர் எழுதின எல்லாருக்கும் இந்த டைப் கணக்கு அத்துப்படி. டிஸ்க்கோட ஹெட் 100-வது டிராக்குல நிக்குது. 20, 180, 30, 170, 40-ன்னு ரிக்வெஸ்ட் வரிசையா வந்திருக்கு. வந்த வரிசையிலேயே போனா ஹெட் 660 டிராக் நகரணும். முதல்ல கீழே இறங்கி 40, 30, 20-ஐ முடிச்சுட்டு, அப்புறம் மேலே ஏறி 170, 180-ஐ முடிச்சா 240 போதும். விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடுவோம்.

ஒரு நிமிஷம்! ரெண்டாவதா வந்த அந்த 180 என்ன ஆச்சு? கடைசி ஆளாதான் அதுக்கு வேலை நடந்துச்சு. ‘யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்களுக்கு முதல்ல’ன்னு போயிட்டே இருந்தா, 35, 45-ன்னு புது ஆளுங்க வர வர, 180-க்கு முறையே வராம போகலாம். நம்ம கணக்குல அதுக்கு மார்க் குறையாது. நிஜ கம்ப்யூட்டர்ல ஒருத்தரோட ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும்!

ஏன் இவ்வளவு அலட்டல்? 7200 ஆர்.பி.எம். டிஸ்க் ஒரு சுற்று சுத்த 8.3 மில்லி செகண்ட். சராசரியா அரைச் சுற்று காத்திருக்கணும், ஹெட் நகர இன்னும் 8, 9 மில்லி செகண்ட். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கற ரிக்வெஸ்ட்னா செகண்டுக்கு 80 முடிச்சாலே பெருசு. ஒவ்வொண்ணும் 4 கேபின்னா மொத்தம் 320 கேபி! அதே டிஸ்க், தொடர்ச்சியா படிச்சா செகண்டுக்கு 100 எம்பி-க்கு மேல அள்ளிக் கொட்டும். அதனாலதான் க்யூவை அடுக்கறது இவ்வளவு முக்கியம்.

இப்போ காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைக்கு வாங்க. ஒருத்தர் 400 பக்க புக்கைக் கொடுத்துட்டு, ‘சாயங்காலம் வாங்கிக்கறேண்ணா’ன்னு கிளம்பிட்டார். இன்னொருத்தர் ஹால் டிக்கெட்டோட நிக்கறார். ஒரே ஒரு பக்கம், எக்ஸாமுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு. கடைக்கார அண்ணன் யாரை முதல்ல கவனிப்பார்? டிஸ்க்லயும் இதே கதைதான். ‘ரைட்’ பெரும்பாலும் மெமரியில போட்டுட்டு நகர்ந்துடற ஆள் (டேட்டாபேஸ் மாதிரி சிலது மட்டும் விதிவிலக்கு). ‘ரீட்’ கை கட்டி நிக்கற ஆள். டேட்டா வந்தாதான் புரோகிராம் அடுத்த அடி வைக்கும்.

லினக்ஸோட ‘டெட்லைன்’ ஷெட்யூலர் இதைத்தான் செய்யுது. ரீடுக்கு அரை செகண்ட், ரைட்டுக்கு 5 செகண்ட் கெடு. கெடு தாண்டிட்டா, தூரத்தைப் பார்க்காம அதைக் கவனிக்கப் போகும். கொஞ்சம் வேகம் போகும், ஆனா யாரும் அனாதையா நிக்க மாட்டாங்க.

2001-ல ரைஸ் யுனிவர்சிட்டியைச் சேர்ந்த சிதாராம் ஐயரும் பீட்டர் ட்ருஷெலும் இன்னொரு சூப்பர் ஐடியா கொடுத்தாங்க: ஒரு ரீட் முடிஞ்சதும் ஹெட் உடனே ஓடாம, சில மில்லி செகண்ட் சும்மா நிக்கட்டும். ‘இன்னும் பக்கம் இருக்காப்பா?’ன்னு அண்ணன் கேக்கற மாதிரி! பக்கத்து ரிக்வெஸ்ட் அதே புரோகிராம்கிட்ட இருந்து வந்துட்டா, ஒரு பெரிய அலைச்சல் மிச்சம். ‘ஆன்டிசிபேட்டரி’ங்கற பேர்ல லினக்ஸ் 2.6-ல வந்த அந்த ஷெட்யூலரை 2010-ல தூக்கிட்டாங்க. ஆனா, நின்னு பார்க்கற பழக்கம் 2017-ல சேர்ந்த ‘பி.எஃப்.க்யூ’வுல இன்னைக்கும் இருக்கு.

சரி, நாம எதைத் திருகலாம்? லினக்ஸ்ல ‘சிஸ்’ டைரக்டரி, அதுக்குள்ள ‘ப்ளாக்’, அதுக்குள்ள உங்க டிஸ்க் பேர், அதுக்குள்ள ‘க்யூ’. அங்கே ஷெட்யூலரையும் க்யூ நீளத்தையும் மாத்தலாம். நீளம் கூடினா அடுக்க நிறைய சாய்ஸ், மொத்த வேலை வேகமாகும். ஆனா 128 பேர் நிக்கற க்யூவுல செகண்டுக்கு 80 பேர்னா, கடைசி ஆளுக்கு 1.6 செகண்ட்!

இன்னொரு வில்லங்கம்: சாட்டா டிஸ்க் தனக்குள்ள 32 ரிக்வெஸ்ட் வரைக்கும் எடுத்து வெச்சுக்கிட்டு, தன் இஷ்டத்துக்கு அடுக்கும். நீங்க வெளியில போட்ட ஒழுங்கு உள்ளே கலைஞ்சு போகலாம். ‘க்யூ டெப்த்’தைக் குறைச்சுப் பார்த்தா அது தெரியும்.

லேப்ல ட்ரை பண்றவங்களுக்கு: ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ‘ஐஓஸ்டாட்’ல ரீட், ரைட் ரெண்டும் எவ்வளவு நேரம் காத்திருக்குன்னு தனித்தனியா வரும், மாத்தறதுக்கு முன்னும் பின்னும் குறிச்சு வைங்க. ரீபூட் பண்ணா பழைய செட்டிங் வந்துடும், பயப்படாதீங்க. எஸ்.எஸ்.டி-ன்னா இந்தக் கவலை பெருசா இல்ல, அதுல நகர ஹெட்டே கிடையாது. பேக்கப் சர்வர், சி.சி.டி.வி. பெட்டின்னு ஹார்ட் டிஸ்க் சுத்தற இடத்துலதான் இந்த வேலை.

பரீட்சையில 240-ன்னே எழுதுங்க, ஃபுல் மார்க் வரும். ஆனா நிஜ மெஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, ‘மொத்தம் எவ்வளவு?’ன்னு கேக்கறதோட, ‘யார் காத்துக்கிட்டு நிக்கறாங்க?’ன்னும் ஒரு கேள்வி கேளுங்க. பதில் மெஷினுக்கு மெஷின் மாறும்.

அடுத்த வாரம் பார்ப்போமா!