வரவேற்பு மண்டபமும் பெண்ணின் பாகமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரை ரஸ்தாவில் கோவளத்தைத் தாண்டி, திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலி ஆகிய ஊர்களின் வழியாக இன்று போகின்றவர்கள், சவுக்குத் தோப்புகளும் மீன் உலர்த்தும் மணல்வெளிகளுமாயிருந்த கடலோரத்தில், கலியாணம் நடத்துவதற்குத் தோதாக ஏற்பட்ட விடுதிகளும் புல்தரைகளும் பெருகியிருப்பதைப் பார்க்கலாம். இவற்றில் நடக்கும் வரவேற்பு வைபவங்களில் கொஞ்ச காலமாக ஒரு புதிய சடங்கு புகுந்திருக்கின்றது. வைதீகச் சடங்குகளையெல்லாம் தள்ளிவிட்டோம் என்று பெருமை பேசிக்கொள்ளும் படித்த குடும்பங்களிலுங்கூட இது புகுந்து வருவதால், இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லுவது அவசியமென்று கருதுகின்றோம்.

சடங்கின் விபரமாவது: வரவேற்பு நடக்கும் மண்டபத்தை முதல்நாள் இரவே அலங்காரக்காரர்கள் வசம் ஒப்புவித்துவிட வேண்டும். அதன்பிறகு கதவு மூடப்பட்டுவிடும். பணம் போட்ட தகப்பனாராயிருந்தாலும் சரி, மாலை போட்டுக்கொள்ளப் போகும் பெண்ணும் பிள்ளையுமாயிருந்தாலும் சரி, ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. உள்ளே இரவெல்லாம் ஆட்கள் ஏணியின்மேல் நின்று துணி கட்டுவார்கள், வண்டி வண்டியாக வந்த பூவைத் தட்டி தட்டியாகச் செருகுவார்கள், விளக்கு மாட்டுவார்கள். மறுநாள் சாயங்காலம் குடும்பத்தாரைக் கதவுக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, படம் பிடிக்கிறவர்கள் உள்ளே சிலரும் வெளியே சிலருமாகத் தயாரானதும், விளக்கை அணைத்து, வாத்தியத்தை முழக்கி, வெண்புகையைக் கிளப்பி, கதவைத் திறந்தோ திரையைத் தள்ளியோ மண்டபத்தைக் “காட்டு”வார்கள். அப்போது பெண் வாயில் கை வைத்துக்கொள்ள வேண்டும். தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆச்சரியம் போதவில்லையென்று படக்காரருக்குத் தோன்றினால் கதவை மறுபடியும் மூடி, மறுபடியும் திறந்து, எல்லோரையும் இரண்டாந்தரமும் ஆச்சரியப்படச் சொல்லுவார். இரவெல்லாம் வேலை செய்த ஆட்களோ, கதவு திறப்பதற்கு முன்பே பின்வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்டு விடுகிறார்கள். படத்தில் அழுக்குச் சட்டை விழக்கூடாதல்லவா!

இந்த வித்தை ஏதோ மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கியதென்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கல்லைத் திறந்த வெளியில் போட்டு வைத்தால் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அதே கல்லுக்குப் பட்டுடுத்தி, முன்னே திரை போட்டு, ஜனங்களை வரிசையில் காக்க வைத்து, மணியை அடித்துக் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு திரையை விலக்கினால், கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவன் பாவியாகிவிடுகிறான். கர்ப்பக்கிரகத்தில் நடந்த அந்தக் காரியமே இப்போது கலியாண மண்டபத்துக்கு வந்திருக்கின்றது. அங்கே அர்ச்சகர், இங்கே “ஈவென்ட் மேனேஜர்”. அங்கே கட்டணத் தரிசனம். இங்கே அதற்குப் “பாக்கேஜ்” என்று பெயர்.

இந்த ரஸ்தாவிலேயே இருக்கும் திருவிடந்தைக் கோவிலின் கதையும் கலியாணக் கதைதான். அங்குள்ள நித்தியகல்யாணப் பெருமாள், ஒரு ரிஷியின் பெண்கள் 360 பேரை நாளைக்கு ஒருத்தியாகக் கட்டிக்கொண்டு, முடிவில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடது பக்கத்தில் வைத்துக்கொண்டாராம். கலியாணமாகாதவர்கள் அங்கு போய் மாலை வாங்கிச் சுற்றி வந்தால் கலியாணமாகும் என்று இன்றும் ஜனங்கள் போகின்றார்கள். அந்த 360 பெண்களுக்கும் ரிஷி என்ன பாகம் எழுதி வைத்தார் என்று மட்டும் நாம் கேள்விப்பட்டதில்லை. இது நிற்க.

2022-ம் வருஷம் ஜூன் மாதம் 9-ந் தேதி இதே வடநெம்மேலியில், ஷெரட்டன் கிராண்ட் என்னும் கடற்கரை விடுதியில், சினிமா நடிகை நயன்தாரா அவர்களுக்கும் டைரக்டர் விக்னேஷ் சிவன் அவர்களுக்கும் கலியாணம் நடந்தது. அதைப் படமாகக் காட்டும் பாத்தியதை நெட்பிளிக்ஸ் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் படம் ஊராருக்குக் காட்டப்பட்டது 2024 நவம்பர் 18-ந் தேதி. அதாவது அந்தக் கலியாணத்தின் திரை விலகுவதற்கு இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் ஆயின. இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. அந்த அம்மையார் தமது தொழிலில் தாமே சம்பாதித்தவர். யாரிடத்தும் போய்ச் சீதனத்துக்குக் கை நீட்ட வேண்டிய நிலையில் இருந்தவரல்ல. அவர்களுக்குக் காட்சிதான் தொழில். திரையை மூடுவதும் திறப்பதும் அவர்களுக்கு வரும்படி. ஆனால் இதைப் பார்த்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவும், பள்ளிக்கூட உபாத்தியாயரும், மளிகைக் கடைக்காரரும் அதே கடற்கரையில் அதே மாதிரி திரையைத் திறக்க ஆசைப்படுகிறார்களே, அவர்களுக்கு அது வரும்படியா, செலவா என்பதுதான் நமது கேள்வி.

செலவு என்பதோடு விட்டுவிடக்கூட நாம் தயார். ஒரு மனிதன் தன் சொந்தப் பணத்தைப் பூவாக வாங்கிக் குப்பையில் கொட்டினால் அது அவன் இஷ்டம். ஆனால் மண்டபத்தில் செருகப்படும் பூ யாருடைய பணம் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும். அநேக வீடுகளில் நடப்பது இதுதான்: பெண்ணுக்குச் சம்பந்தம் நிச்சயமானதும் தகப்பனார் சீட்டை எடுக்கின்றார், நகையை அடகு வைக்கின்றார், பாங்கியில் கடன் வாங்குகின்றார். இரண்டொரு நாள் தடபுடல் நடக்கின்றது. பிறகு பத்து வருஷம் கழித்து வீட்டையோ நிலத்தையோ பாகம் பிரிக்கும்போது அண்ணன் தம்பிமார் அவளைப் பார்த்து, “உனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் கலியாணத்திலேயே செய்தாகிவிட்டது. கடற்கரையில் அவ்வளவு பெரிய ரிசப்ஷன் வைத்தோமே! இனி என்ன பாக்கி?” என்று கேட்கிறார்கள். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கொள்கிறார்கள். அவளும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்று பயந்து போட்டுவிட்டு வருகிறாள். தம்பிக்கு வீடு, தங்கைக்கு வீடியோ. அன்றைக்குக் கதவைத் திறந்து காட்டியபோது அவள் வாயில் கை வைத்து ஆச்சரியப்பட்டாளே, அப்போது அவள் எதிரில் தொங்கியது அவளுடைய பாகமேதான் என்பதை யாராவது அவளுக்குச் சொன்னார்களா?

செங்கல்பட்டில் 1929-ம் வருஷம் பிப்ரவரி 17, 18-ந் தேதிகளில் தோழர் டபிள்யு. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. நெம்மேலி இருப்பதும் இதே செங்கல்பட்டு ஜில்லாவில்தான். அத்தீர்மானத்தைக் கண்டு அன்று சிரித்தவர்கள் அநேகர். அது சட்டமாக அறுபது வருஷம் பிடித்தது. தமிழ்நாட்டில் 1989-ல் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பாகம் என்று சட்டம் வந்தது. அதிலும் ஒரு தடை இருந்தது. அவ்வருஷம் மார்ச்சு 25-ந் தேதிக்கு முன் கலியாணமான பெண்களுக்குப் பாகமில்லை என்றார்கள். கலியாணம் பண்ணிக்கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்னும் பழைய புத்தி சட்டத்திற்குள்ளும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது பாருங்கள்! 2005-ல் மத்திய சர்க்கார் திருத்தத்தில் அந்தத் தடையும் போயிற்று. 2020 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மகளுக்குப் பிறப்பினாலேயே அந்தப் பாத்தியதை உண்டு, 2005-ல் தகப்பனார் உயிரோடிருந்தாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே இன்று பெண்ணின் பாகத்தைச் சட்டத்தினால் மறுக்க முடியாது. சட்டத்தினால் முடியாததைத்தான் பூவினாலும் புகையினாலும் செய்து கொள்கிறார்கள்.

மண்டபக் கணக்கு வெளியே வருவதேயில்லையா என்றால், ஒரு தடவை வந்திருக்கின்றது. 1995 செப்டம்பர் 7-ந் தேதி, அப்போதைய முதல் மந்திரி ஜெயலலிதா அவர்களின் வளர்ப்பு மகன் என்று சொல்லப்பட்டவருக்குச் சென்னையில் நடந்த கலியாணம் நமது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். கூட்டத்துக்காகவே கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கலியாணம் அது. பிற்பாடு சொத்துக் குவிப்பு வழக்கில் அந்தக் கலியாணச் செலவும் ஒரு அயிட்டமாயிற்று. அலங்காரப் பந்தலுக்கு என்ன பிடித்திருக்கும் என்று சர்க்கார் இஞ்ஜினீயர்கள் கணக்குப் போட்டுச் சாட்சி சொன்னார்கள். பிராசிக்யூஷன் தரப்பு 6 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. 2014 செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூர் தனிக்கோர்ட்டு நீதிபதி 3 கோடி என்று எடுத்துக்கொண்டார். மேல்கோர்ட்டு அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. 2017 பிப்ரவரி 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் அதை நிலைநிறுத்தியது. ஒரு கலியாணப் பந்தலின் விலை இன்னதென்று ஜனங்கள் தெரிந்துகொள்ள மூன்று கோர்ட்டுகளும் இருபத்தொரு வருஷமும் வேண்டியிருந்தன. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு எந்தக் கோர்ட்டு வந்து பந்தலைக் கணக்குப் பார்க்கப் போகின்றது?

இனி நம்மைப் பார்த்து, “வாழ்க்கையில் ஒரு நாள் சந்தோஷமாயிருப்பதையும் சுயமரியாதைக்காரர்கள் தடுக்கிறார்களே” என்று கேட்பார்கள். சந்தோஷத்துக்கு நாம் விரோதிகளல்ல. சிநேகிதர்கள் கூடட்டும், நல்ல சாப்பாடு போடட்டும், பாட்டு வைக்கட்டும். பூவும் இருக்கட்டும். ஆனால் குடும்பத்தாரையே வெளியே நிறுத்தி, மறைத்து வைத்துக் காட்டுவது எந்தச் சந்தோஷத்தைச் சேர்ந்தது? தன் கலியாண மண்டபத்துக்குத் துணி என்ன நிறம் என்று தெரிந்துகொள்ளக்கூட மணப்பெண்ணுக்கு அதிகாரமில்லையென்றால், அவள் அங்கே எஜமானியா, பொம்மையா?

மற்றொரு கட்சியார், பூக்காரிக்கும் பந்தல்காரருக்கும் பிழைப்புப் போய்விடுமே என்பார்கள். திதிக்கும் கருமாதிக்கும்கூட ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். பூக்கட்டும் பெண்ணுக்கு நல்ல கூலி கிடைக்க வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறையுள்ளவர்கள் இருந்தால் சந்தோஷம். அப்படியானால் முதலில் அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பாமல் முன்வாசலில் உட்கார வைத்துச் சாப்பாடு போடட்டும்.

நெம்மேலிக்குத் தெற்கே இதே கடற்கரையில், வருஷாவருஷம் மாசி மகத்தன்று மாமல்லபுரத்து மணலில் இருளர் ஜனங்கள் கூடுகிறார்கள். பல ஊர்களிலிருந்து வந்து, நாலு குச்சியை நட்டுப் புடவையைக் கட்டிக் குடிசையாக்கிக் கொண்டு தங்கி, விடியற்காலையில் கடலோரத்திலேயே கலியாணங்களை முடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கும்பிடும் கன்னியம்மனும் நமக்கு ஒப்புதலில்லைதான். அன்றியும், முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைகளில் அடிமைப்பட்டுப் போன குடும்பங்கள் அவர்களுக்குள் உண்டென்பதால், அவர்கள் வறுமையை ஏதோ சிக்கனமென்று நாம் புகழவும் வரவில்லை. ஆனால் புடவையை அவர்கள் கட்டுவது நிழலுக்கு. விடுதிக்காரர்கள் கட்டும் துணி மறைப்பதற்கு. இந்த வித்தியாசம் கவனிக்கத் தக்கது.

ஒரு கலியாணம் செல்லுபடியாவதற்கு இவ்வளவும் வேண்டுமா என்றால், சட்டம் வேண்டாம் என்கின்றது. 1928-ல் அருப்புக்கோட்டைக்கடுத்த சுக்கிலநத்தத்தில் சுயமரியாதைக் கலியாணம் ஆரம்பமானது முதல், இது கலியாணமேயல்ல என்று வைதீகர்கள் சொல்லிவந்தார்கள். 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டும் அப்படியே சொல்லிற்று. 1967-ல் தோழர் அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை செய்த சட்டத்தின்படி, உறவினர், சிநேகிதர் அல்லது வேறு யாராவது எதிரில், இருவரும் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் கலியாணம்தான். அப்புறமும் ஊரறிய நடந்தால்தான் செல்லும் என்று ஒரு தீர்ப்பு இடையில் வந்தது. 2023 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதையும் தள்ளி, ஊரைக் கூட்டிப் பகிரங்கப்படுத்த வேண்டிய அவசியமில்லையென்று சொல்லிவிட்டது. வீட்டாருக்குப் பயந்து ஓடிவரும் காதலர்களுக்கு அந்தத் தீர்ப்பு பேருதவி. கூட்டம் கூட்டாவிட்டால் கௌரவம் போய்விடும் என்று கடன் வாங்கும் பெற்றோர்களும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆகையால் நாம் ஒரு காரியம் செய்ய உத்தேசித்திருக்கின்றோம். கலியாணம் நிச்சயமான ஒவ்வொரு பெண்ணும் தன் தகப்பனாரிடத்தில் மண்டபத்தின் வாடகை என்ன, அலங்காரம் என்ன, படம் என்ன, அதில் கடன் எவ்வளவு, அது யார் தலையில், தனக்கு எழுத்து மூலமாக வைக்கப்போகும் பாகம் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். அலங்காரக்காரர் கதவை மூடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். அந்தக் கணக்கை நமக்கு அனுப்பினால், பெயரும் ஊரும் போடாமல் இப்பத்திரிகையில் வாராவாரம் வெளியிடுவோம். பாகம் என்ற இடத்தில் ஒன்றுமில்லையென்றால் அதையும் அப்படியே எழுதி அனுப்பலாம்.