களை பறிக்கும் கூலிக்கு யார் கடன் தருவது?

இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் சான்றிதழைப் பற்றியும் விலையைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். ஐப்பசி மாதத்தில் விவசாயி கையில் காசு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நல்ல எண்ணத்தோடு பாரம்பரிய நெல்லுக்கு வந்தவர்கள் மறுபடி யூரியாவுக்குத் திரும்புவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகச் சில குடும்பங்கள் சேர்ந்து, மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் ஆண்டு முழுவதற்குமான அரிசியை வாங்குகிறோம். நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டில் மட்டும் ஏன் பாரம்பரிய ரகமான கிச்சிலிச் சம்பா போடுகிறார் என்று ஆரம்பத்தில் கேட்டேன். "உரமும் மருந்தும் கடையில கடனுக்குக் கிடைச்சிரும் டீச்சர், அறுத்துட்டுக் கொடுத்தாப் போதும். களை பறிக்க வர்ற பொம்பளைங்களுக்கு அன்னிக்குச் சாயங்காலமே கையில காசு வைக்கணும்" என்றார்.

பிரச்சினை முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. இயற்கை வழிச் சாகுபடியில் செலவு என்பது பெரும்பாலும் ஆள்கூலி. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். ஜீவாமிர்தம் கரைக்க வேண்டும். களைக்கொல்லி அடித்தால் ஒரே ஆள் ஒரு காலையில் முடித்துவிடும் வேலைக்குப் பெண்கள் வரிசையாக இறங்கிக் குனிந்து பறிக்க வேண்டும். ஒரு களை போதாது, இரண்டு களை எடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் தரும் பயிர்க்கடனிலும் ஒரு பகுதி உரமாகத்தான் வருகிறது. மூட்டையிலும் டப்பாவிலும் வருகிற எதற்கும் கடன் உண்டு. மனித உழைப்புக்குக் கடன் தர ஆளில்லை.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை நெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு புழங்காத அந்த ஏற்பாட்டில்தான் அழியும் நிலையில் இருந்த எத்தனையோ ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. விதைக்கு அவர் வழி செய்துவிட்டுப் போனார். கூலிக்கு வழி செய்ய வேண்டியவர்கள் சாப்பிடுகிற நாம்தான் என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் செய்வது இதுதான். ஆவணியில் நாற்றங்கால் போடும்போது பாதிப் பணம். ஐப்பசியில் களைக்கு ஒரு பங்கு. மீதி, தை மாசியில் நெல் வீடு வந்ததும். விலையை அவர் செலவுக் கணக்கை வைத்துப் பேசி முடிக்கிறோம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அதை மாற்றுவதில்லை. அவருக்கு ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாகச் சுமார் இருபது மூட்டை கிடைக்கிறது. அந்த 1,200 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 750 கிலோ அரிசி. மாதம் இருபது கிலோ சமைக்கிற மூன்று குடும்பங்களுக்கு ஓர் ஆண்டுச் சாப்பாடு அது.

2021 பொங்கலையொட்டிப் பெய்த மழையில் டெல்டா முழுக்க அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தது. உயரமாக வளரும் கிச்சிலிச் சம்பா தண்ணீரில் படுத்தே விட்டது. தேறிய நெல்லை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். கொடுத்த முன்பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர்களுக்கு அந்த மழை ஒரு செய்தி. எங்களுக்கு அது வீட்டு நஷ்டம். இந்தப் பங்கு இல்லாமல் நேரடி உறவு என்று பேசுவதில் அர்த்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தொல்லைகளும் உண்டு. தீட்டாத அரிசியில் சீக்கிரம் வண்டு விழும். சாக்கைப் பிரித்துக் கொட்டினால் முறத்தின் விளிம்பில் கறுப்புப் புள்ளிகளாக ஊர்ந்து ஏறும். வேப்பிலையும் வசம்பும் போட்டாலும் மழைக்காலத்தில் தாங்காது. அதனால் இப்போது நெல்லாகவே அவர் வீட்டுப் பத்தாயத்தில் வைத்து, மாதாமாதம் தேவைக்கு அரைத்து வாங்குகிறோம். அங்கே வேறொரு முட்டுக்கட்டை: பெரிய ஆலைக்காரர்கள் நாலைந்து மூட்டையைத் தொடவே மாட்டார்கள். சின்ன ஆலை தேடி நெல்லை ஏற்றிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

சான்றிதழ் இல்லாமல் எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். சிறு விவசாயி நேரடியாக உண்பவருக்கு விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2017-ல் வந்த மத்திய அரசின் விதியே சொல்கிறது. வயலுக்குப் போய்ப் பாருங்கள். வரப்பில் நண்டு வளை இருக்கிறதா, நாற்று நட்ட வயலில் தவளை கத்துகிறதா என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை.

அரசின் ஏற்பாடுகள் போதாதா என்றும் கேட்கலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை காய்கறிக்காரர்களுக்குப் பெரிய ஆதரவு. ஆனால் அன்றாடம் பறித்து அன்றாடம் விற்கிற பயிருக்கு உதவுவது, ஐந்து மாதம் காத்திருக்கிற நெல்லுக்குப் போதாது. கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். மருந்தடிக்காமல் விளைந்த நெல் என்பதற்காக ஒரு ரூபாய் கூடக் கிடையாது. 2023-ல் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்ட தமிழக அரசு, பயிர்க்கடனில் உரத்துக்கான பங்கை இயற்கை விவசாயிகளுக்குக் கூலிப் பணமாகக் கொடுக்கட்டும். வட்டாரத்துக்கு ஒரு சின்ன அரிசி ஆலை வைத்துக் கொடுக்கட்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் மூன்று குடும்பங்களைச் சேருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியைத் தேடிப் போய் அவர் வயலைப் பாருங்கள். பிடித்திருந்தால், ஒரு ஏக்கருக்கான முன்பணத்தை வரும் ஆவணியிலேயே அவர் கையில் கொடுங்கள்.