ஓட்டும் மக்களுடையது, கணக்கும் மக்களுடையது!

தேர்தல் நாளன்று நமது கிராமங்களில் விடியுமுன்பே ஓட்டுச்சாவடி வாசலில் வரிசை நிற்கிறது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார் விவசாயத் தொழிலாளி. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் கிழவி. மதுரையில் மில் ஷிப்டு முடிந்த தொழிலாளி வீட்டுக்குப் போகாமல் நேரே சாவடிக்கு வருகிறார். விரலில் மை வைத்தாகிவிட்டது; தங்கள் கடமை முடிந்தது என்று அவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் அதிகாரிகளின் கடமை தொடங்குகிறது. பெட்டியைப் பூட்ட வேண்டும், காக்க வேண்டும், திறக்க வேண்டும், எண்ண வேண்டும், எண்ணியதை எழுத வேண்டும், எழுதியதை உள்ளபடி ஊருக்குச் சொல்ல வேண்டும். இந்த ஆறு காரியங்களில் ஒன்று கோணலானாலும் கோடி ஜனங்கள் வரிசையில் நின்றது வீணாகிறது. ஓட்டுப் போடும் உரிமையைப் பற்றி நாடெங்கும் பேசுகிறார்கள். போட்ட ஓட்டு சரியாக எண்ணப்படும் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இரண்டும் ஒரே உரிமையின் இரு பாதிகள் என்பதை மதுரை ஜில்லா மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

2019 ஏப்ரல் 18 ஞாபகமிருக்கிறதா? சித்திரைத் திருவிழாத் தேரோட்டமும் பாராளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. அதனால் மதுரைத் தொகுதிக்கு மட்டும் ஓட்டுப்பதிவு இரவு எட்டு மணி வரை நீட்டிக்கப்பட்டது. தேரும் பார்த்து, ஓட்டும் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள் ஜனங்கள். இயந்திரங்களும் தஸ்தாவேஜுகளும் மதுரை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகப்பட்டன. இரண்டே நாளில், ஏப்ரல் 20 அன்று, தேர்தல் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் ஒரு தாசில்தார் புகுந்தார். சில மணி நேரம் உள்ளே இருந்தார். அபேட்சகர்களுக்குச் சொல்லவில்லை, ஏஜெண்டுகளையும் கூப்பிடவில்லை. செய்தி வெளியே வந்து, அபேட்சகர்களும் பொதுமக்களும் வாசலில் திரண்ட பிறகே விஷயம் உலகுக்குத் தெரிந்தது. தாசில்தாரும் உடன் சென்ற ஊழியர்களும் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். மார்க்சிஸ்ட் அபேட்சகர் சு.வெங்கடேசன் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் தலையிட்ட பிறகு ஜில்லா கலெக்டரே மாற்றப்பட்டார்.

இயந்திரம் இருந்த அறை வேறு, காகிதம் இருந்த அறை வேறு என்று அன்றைக்குச் சமாதானம் சொன்னார்கள். இந்தச் சமாதானத்தை ஏற்க முடியுமா? எந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் காகிதம்தான். இயந்திரம் காட்டும் எண்ணை அந்தக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் சரி, தப்பு சொல்ல முடியும். களத்து நெல்லுக்குக் காவல் போட்டுவிட்டு, அளந்த கணக்கு நோட்டை மட்டும் திண்ணையில் போட்டுவைப்பானா குடியானவன்?

அந்தத் தேர்தலில் மதுரையில் வெற்றி வித்தியாசம் லட்சத்துக்கு மேல் போயிற்று. ஆகவே ஆவண அறைச் சங்கதி முடிவை மாற்றவில்லை. ஆனால் வித்தியாசம் பெரிதாக இருந்ததால் தப்பித்தோம் என்பது ஒரு ஜனநாயகத்துக்குப் பெருமையாகாது. வித்தியாசம் சிறிதாக இருந்தால் என்ன ஆகும்?

அதற்கு ராதாபுரம் பதில் சொல்கிறது. 2016 சட்டசபைத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க. அபேட்சகர் இன்பதுரை, தி.மு.க. அபேட்சகர் அப்பாவுவை வெறும் 49 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள். அதே தொகுதியில் 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன. காரணம் என்ன? உறுதிமொழிப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் கிடையாதாம்! தேர்தல் வேலைக்கு சர்க்கார் அனுப்பி வைத்த ஊழியர்களின் ஓட்டு, சர்க்கார் பள்ளித் தலைமையாசிரியர் போட்ட கையெழுத்தினால் செல்லாததாயிற்று. வழக்கு நடந்தது. 2019 அக்டோபர் முதல் தேதி, தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 4 அன்று எண்ணியும் முடித்தார்கள். ஆனால் எண்ணிய முடிவை வெளியிடக் கூடாதென்று உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. ஐந்தாண்டுக் காலம் ராதாபுரம் மக்களின் சார்பில் சட்டசபையில் உட்கார்ந்தவர் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்தானா என்ற கேள்விக்கு, அந்த ஐந்தாண்டுக்குள் பதில் கிடைக்கவில்லை.

தேர்தல் வழக்கை 45 நாளுக்குள் போட்டாக வேண்டும் என்று சட்டம் வழக்காடிக்குக் கெடு வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்கும் அதே சட்டம் சொல்கிறது. முதல் கெடு ஒரு நாள் தவறினாலும் வழக்குப் போய்விடுகிறது. இரண்டாவது கெடு வருஷக்கணக்கில் தவறினாலும் கேட்பாரில்லை.

ஊராட்சித் தேர்தலுக்கு வருவோம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 ஜில்லாக்களில் நடந்த தேர்தலுக்கு 2020 ஜனவரி 2 அன்று காலை எண்ணிக்கை தொடங்கியது. ஒவ்வொரு கிராமத்து வாக்காளருக்கும் நாலு சீட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், ஜில்லாக் கவுன்சிலர். நாலு நிறச் சீட்டையும் பிரித்து, கட்டுக் கட்டி, எண்ணி முடிக்க ராப்பகல் ஆயிற்று. எண்ணிய முடிவை அறிவிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று பல ஊர்களிலிருந்து புகார்கள் கிளம்பின. எதிர்க்கட்சிகள் உயர்நீதிமன்றத்துக்கு ஓடின.

அதே எண்ணிக்கையில்தான், நமது அண்டை ஜில்லாவான சிவகங்கையில், காரைக்குடியை அடுத்த சங்கராபுரம் ஊராட்சியில் அந்த விசித்திரம் நடந்தது. தலைவர் பதவிக்கு ஒருவர் ஜெயித்தார் என்று அறிவித்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். பிறகு மறுபடி எண்ணி, இன்னொருவர் ஜெயித்தார் என்று அவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்! ஒரு நாற்காலி, இரண்டு தலைவர்கள். மறு எண்ணிக்கை கேட்க வேண்டுமானால் முடிவை அறிவிக்குமுன் கேட்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகாரியின் வேலை முடிந்தது. அதன்மேல் தகராறு இருந்தால் ஜில்லா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்தச் சாதாரண விதி எண்ணிக்கை மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் மீறினார்களா? எதுவானாலும் கஷ்டப்பட்டது அந்த ஊர் ஜனங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றவர்கள் அவர்கள்தான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த நோய் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தலில் மொத்தமே 36 ஓட்டு. அதில் எட்டு ஓட்டைச் செல்லாது என்றார் தேர்தலை நடத்திய அதிகாரி. 16க்கு 12 என்று பாரதிய ஜனதா அபேட்சகர் ஜெயித்ததாக அறிவித்தார். சீட்டுகளின் மேல் பேனாவால் கோடு போட்டவர் அந்த அதிகாரியே என்பதைக் காமிரா பிடித்து வைத்திருந்தது. பிப்ரவரி 20 அன்று உச்சநீதிமன்றம் அந்த எட்டு ஓட்டையும் சேர்த்து, 20 ஓட்டுப் பெற்ற குல்தீப் குமாரே மேயர் என்று தீர்ப்பளித்தது. காமிரா இல்லாதிருந்தால்?

ஹரியானாவில் பானிப்பட் ஜில்லாவைச் சேர்ந்த புவானா லாகு என்ற கிராமத்தில் 2022 நவம்பரில் நடந்த பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் கணக்கில் தகராறு எழுந்தது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இயந்திரங்களைத் தில்லிக்கு வரவழைத்து, தன் அலுவலரைக் கொண்டே எண்ணச் செய்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051. ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,000. ஒரு கிராமத்தின் சாவடிக் கணக்கு நேராக மூன்று வருஷமும் நாட்டின் உச்சநீதிமன்றமும் தேவைப்பட்டன. தில்லி வரை வழக்கு நடத்த வசதியில்லாத அபேட்சகரின் கதி என்ன?

"கோடிக்கணக்கான ஓட்டில் இரண்டொரு தவறு சகஜம்" என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். தவறு மனிதருக்கு சகஜம்தான், ஒப்புக்கொள்கிறோம். தோற்கிற கட்சியெல்லாம் எண்ணிக்கையின் மேல் பழி போடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. மக்கள் நிராகரித்ததை ஒப்புக்கொள்ளாமல் இயந்திரத்தைத் திட்டுகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். மேஜையில் உட்கார்ந்து எண்ணும் ஆசிரியரையும் குமாஸ்தாவையும் குற்றவாளிகளாக நாம் பார்க்கவில்லை. விடியுமுன் வந்து, நேரத்துக்குச் சோறின்றி, கண் விழித்து எண்ணுகிறவர்கள் அவர்கள். மேலிருந்து வரும் நெருக்குதலுக்கும் கீழிருந்து வரும் கோபத்துக்கும் நடுவே நசுங்குகிறவர்களும் அவர்களே. நாம் கேட்பது வேறு. தவறு நேர்ந்தால் உடனே தெரிவதற்கும் உடனே திருத்துவதற்கும் வழி உண்டா? கணக்கைப் பார்க்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டா?

இந்த வழிகள் அகலமாவதற்குப் பதில் குறுகி வருகின்றன. 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஏப்ரல் 19 அன்று நடந்த முதல் கட்டப் பதிவின் இறுதிச் சதவிகிதம் ஏப்ரல் 30 அன்றுதான் வெளிவந்தது. பதினோரு நாள்! எத்தனை பேர் ஓட்டளித்தார்கள் என்ற முழு எண்ணிக்கையை மே 25 அன்றுதான் தேர்தல் கமிஷன் வெளியிட்டது. ஒவ்வொரு சாவடியிலும் பதிவு முடிந்த அன்றே 17சி படிவத்தில் அந்த எண் எழுதப்பட்டு, ஏஜெண்டுகளுக்கும் நகல் கொடுக்கப்படுகிறது. சாவடி அதிகாரி அன்றிரவே எழுதிய எண்ணை நாட்டுக்குச் சொல்ல ஐந்து வாரமா? அதே வருஷம் டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி, காமிராப் பதிவு முதலான மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மத்திய சர்க்கார் விலக்கியது. 2025 மே மாதம், வழக்கு இல்லாவிட்டால் 45 நாளில் காமிராப் பதிவை அழித்துவிடலாம் என்று கமிஷன் உத்தரவிட்டது. சண்டிகரில் உண்மையைக் காட்டியது எதுவோ, அதையே மறைக்கிறார்கள், அழிக்கிறார்கள்.

மறைக்க வேண்டிய ஒன்றையோ மறைப்பதில்லை! இயந்திரத்தில் சாவடிவாரியாக எண்ணுவதால் எந்தச் சேரி, எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போட்டது என்பது ஊருக்கே தெரிகிறது. தேர்தல் முடிந்த மறுநாள் பண்ணையாருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தெரிகிறது. பல சாவடி ஓட்டைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் கமிஷன் 2008லேயே யோசனையாகச் சொன்னது. 2015இல் சட்டக் கமிஷனும் சிபாரிசு செய்தது. மத்திய சர்க்கார் ஏற்கவில்லை. ஏழையின் ஓட்டு எங்கே விழுந்தது என்பது பகிரங்கம். அதிகாரி அதை எப்படி எண்ணினார் என்பது ரகசியம். இது தலைகீழ் நியாயம்!

ஓட்டின் விலை மதுரைச் சீமைக்குத் தெரியும். மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதே அவர்கள் செய்த குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடாமல் தடுத்தார்கள். இயக்கங்கள் விடாமல் போராடிய பிறகு 2006இல்தான் அங்கே வழி பிறந்தது. இத்தனை கொடுத்து வாங்கிய ஓட்டை, எண்ணிக்கை மேஜையில் ஒரு பேனாக் கீறலுக்குப் பறிகொடுக்கலாமா?

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அதிகாரிகளின் கைக்குப் போயிற்று. ஊராட்சித் தேர்தல் எப்போது நடந்தாலும் 2020 ஜனவரி மறுபடி வரக் கூடாது. பத்து ஓட்டு, இருபது ஓட்டில் தலைவர் தீர்மானமாகும் இடம் அது. ஆகவே மாநிலத் தேர்தல் கமிஷனையும் இந்தியத் தேர்தல் கமிஷனையும் வற்புறுத்துகிறோம்:

சாவடிவாரியான 17சி கணக்கை, பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடு! ஒவ்வொரு சுற்று முடிவையும் எழுத்தில் ஏஜெண்டுகளிடம் கொடுத்து, வாசல் பலகையிலும் எழுதிய பிறகே அடுத்த சுற்றைத் தொடங்கு! மறு எண்ணிக்கை கேட்க அபேட்சகருக்கு நியாயமான அவகாசம் கொடு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு! எண்ணிக்கைக் காமிராப் பதிவைப் பதவிக்காலம் முடியும் வரை பாதுகாத்து வை! தபால் ஓட்டைத் தள்ளுபடி செய்தால் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஏஜெண்டுகளிடம் காட்டு! தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்கத் தனி நீதிமன்றங்கள் வேண்டும். கணக்கைத் திருத்திய அதிகாரிக்கு வெறும் இடமாற்றம் போதாது. வழக்கும் தண்டனையும் வேண்டும்.

இவை யாவும் மேலிருந்து தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். ஓட்டுச்சாவடியில் உட்காரும் ஒவ்வொரு ஏஜெண்டும், எந்தக் கட்சிக்காரரானாலும், 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அதைப் பத்திரப்படுத்தி எண்ணிக்கை மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். இயந்திரம் காட்டும் மொத்தத்தை அதோடு ஒத்துப் பார்த்த பிறகே தலையசைக்க வேண்டும். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் கிராமந்தோறும் இதற்கென்று இளைஞர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பையன், ஒரு பென்சில், ஒரு நகல்: கள்ளக் கணக்கை மடக்க இதைவிட மலிவான ஆயுதம் கிடையாது.

அறுத்த கதிரைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் நமது உழவனுக்குக் கிடையாது. தூற்றி, அளந்து, மூட்டை கட்டும் வரை களத்து மேட்டிலேயே படுத்திருப்பான். ஓட்டுக் களத்திலும் அப்படியே விழித்திருப்போம்!