மௌத்து வீட்டில் உலை வைக்காதீர்கள்

நம்முடைய அம்பாறைக் கரையில், மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரைக்கும், ஒரு ஜனாஸாவை அடக்க ஆகிற செலவு சொற்பம். ஆணுக்கு மூன்று துண்டு கபன் புடவை, பெண்ணுக்கு ஐந்து. கற்பூரம், அத்தர், இலந்தை இலை, கொஞ்சம் பஞ்சு. கடற்கரை மணல் சரிந்து விழாமல் கபுறுக்குள் வைக்கிற பலகை. தலைமாட்டுக்கு மீசான் கட்டை. சந்தூக்கு பள்ளிக்குச் சொந்தம். கபுறு வெட்டுவதற்கு ஊர் இளந்தாரிகள் மண்வெட்டியோடு தாங்களாகவே வந்துவிடுவார்கள். குளிப்பாட்டுகிறவர்கள் நன்மையை நாடி வருகிறார்கள். தோள் கொடுப்பதற்குத் தெருவே முண்டியடிக்கும். கபனும் பலகையும் வாங்க வழியில்லாத வீட்டுக்குப் பள்ளியோ ஜனாஸா நலன்புரிச் சங்கமோ அதையும் கொடுத்துவிடும். விடியற்காலையில் மௌத்தானவர் அஸருக்கு முன் அடங்கிவிடுவார்.

பிரித்தானியாவில் ஒரு சாதாரண இறுதிச் சடங்குக்கு 2023இல் சராசரியாக 4,141 பவுண் செலவானது என்று சன்லைஃப் என்ற காப்புறுதிக் கம்பனி கணக்குச் சொல்கிறது. அமெரிக்காவில் அதே ஆண்டு இடைநிலைச் செலவு 8,300 டொலர். பெட்டி, மண்டபம், வாகனம், அடக்கும் நிலம் என்று எல்லாவற்றுக்கும் விலை. அங்கே மனிதர்கள் மையித்தை அடக்குவதற்கே கடன்படுகிறார்கள். அந்தப் பாரம் மார்க்கத்தின் பேரால் நமக்கு இல்லாமல் ஆக்கப்பட்டிருக்கிறது. நாமோ அடக்கி முடித்துக் கையைக் கழுவிய பிறகு கடன்படத் தொடங்குகிறோம். என் ஆதங்கமெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பி, வாசலில் போட்ட கதிரையில் உட்கார்ந்து எழும்பிப் போய்விடுவார்கள். உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் பெண்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உறவுமுறையான ஒரு பெண்ணின் மாப்பிள்ளை திடீரென்று மௌத்தானார். மீன் ஏலம் எடுத்து விற்றுப் பிழைத்த மனிதர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு நாங்கள் நாலைந்து பேர் உள்ளறையில் அவளோடு இருந்தோம். மாப்பிள்ளையின் ராத்தா வந்து பாயில் குந்தினார். கொஞ்ச நேரம் அழுதார். அது உண்மையான அழுகை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“புள்ள, மூணாங் கத்தத்துக்கு மாடா கோழியா? இண்டைக்கே சொன்னாத்தான் இறைச்சிக்காரன் ஒதுக்கி வைப்பான். முன்னூறு பேருக்குக் குறையாதுகா.”

அவள் ஒன்றும் பேசவில்லை. இத்தா இருக்கிறவள் நகை போடக்கூடாது என்று பகல் யாரோ கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்த இரண்டு காப்பையும் எடுத்து, சீலைத் துண்டில் சுற்றி, அவர் கையில் கொடுத்தாள். மறுநாள் காலையில் அந்தக் காப்பு அடகுக் கடைக்குப் போனது. நான் அங்கேயே இருந்தேன். அந்த ராத்தாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தம்பிக்கு ஊர் பார்க்கச் செய்யாவிட்டால் தன் குடும்பத்துக்கே குறை என்று அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். அவரை அப்படி ஓடவைத்தது எது?

முன்னூறு பேருக்குச் சோறு என்றால் என்ன கணக்கு? ஐம்பது கிலோ சம்பா அரிசி. 2024 டிசம்பரில் அரசு போட்ட கட்டுப்பாட்டு விலையான 240 ரூபாவுக்கே கிடைத்தாலும் 12,000. நாற்பது கிலோ மாட்டிறைச்சி, கிலோ இரண்டாயிரம் என்று வைத்தால் 80,000. நெய், எண்ணெய், வெங்காயம், தயிர், கறிச்சரக்கு, விறகு, சமையல்காரர் கூலி, பந்தல், கதிரை, கோப்பை வாடகை, இரவிரவாக ஓடுகிற பிளேன்டீக்குச் சீனி, தேயிலை என்று இன்னும் ஐம்பது, அறுபதினாயிரம். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரை இலட்சம். இது மூன்றாம் நாளோடு முடிந்தால் பரவாயில்லை. ஏழாம் நாள் இருக்கிறது, நாற்பது இருக்கிறது, வருடம் இருக்கிறது. இடையில் தூரத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. இவற்றில் மூன்றை இதே அளவில் செய்கிற வீட்டில் நாலு இலட்சத்துக்கும் மேல் போய்விடும்.

நாள் மூவாயிரம் கூலிக்குப் போகிற ஒருவர் ஒரு சதமும் வீட்டுக்கு எடுக்காமல் ஐம்பது நாள் உழைத்தால் அந்த ஒரு வேளைச் சோறு. கைம்பெண்ணாகிவிட்ட ஒருத்திக்கு அரசின் அஸ்வெசும உதவி கிடைக்கிறது என்று வையுங்கள். 2025 ஜனவரியில் கூட்டப்பட்ட பிறகு வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா. அந்த ஒரு வேளைக்கு அவளுடைய பதினைந்து மாதக் கொடுப்பனவு போய்விடும். உழைத்துத் தந்தவர் மௌத்தாகிவிட்டார், நாலு மாதமும் பத்து நாளும் இவள் இத்தாவில் இருக்க வேண்டும், அடகுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டி ஹராம் என்று ஜும்ஆவுக்கு ஜும்ஆ கேட்கிறோமே, அந்த வட்டிக்கு எடுத்த காசில் ஆக்கிய சோற்றில் கையை வைத்து மையித்துக்காக துஆ கேட்கிறோம். அந்தப் பந்தலில் இருந்தவர்களில் ஒருவருக்காவது இது உறுத்தவில்லையா?

2022இல் நாடு விழுந்தபோது, செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை ஏறியது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மாவுக்கு வரிசை. அந்த வருடம் இந்தப் பழக்கம் தானாகக் குறையும் என்று நான் நினைத்தேன். மாடு கோழியானது, நெய்ச்சோறு வெள்ளைச் சோறானது. ஆனால் ஆட்களின் எண்ணிக்கை குறையவில்லை. சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டில் இரண்டு வேளைதான் உலை வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தங்களுக்கே கஷ்டம் என்று தெரிந்தவர்கள் மௌத்து வீட்டின் கஷ்டத்தை ஏன் நினைக்கவில்லை என்று இப்போதும் விளங்கவில்லை.

கத்தம் கூடுமா கூடாதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அந்த வழக்கில் இந்த ஊர்கள் நாற்பது வருடம் சண்டை பிடித்து, பள்ளி பிரிந்து, மச்சானும் மச்சானும் பேசாமல் இருந்தது போதும். ஓதுகிறவர் ஓதட்டும். யாஸீன் ஓதச் சோறு தேவையில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தம் பித்அத் என்று சொல்கிற வீடுகளிலும் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு பயான் வைத்து, சதகா என்று பேர் சொல்லி, அதே முன்னூறு பேருக்குப் பார்சல் கட்டுவதைப் பார்க்கிறேன். எந்தப் பக்கத்து வீடானாலும் இறைச்சிக்காரனுக்கு அதே காசுதான் போகிறது.

இதற்கு மார்க்கம் சொல்வதில் இழுபறி இல்லை. மூத்தா போரில் ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்த அன்று, அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் உணவு செய்து கொடுங்கள் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். இதைத் தெரியாத ஆலிம் இந்தக் கரையில் ஒருவரும் இல்லை. இறந்தவருடைய சொத்தில் முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத், பிறகு வாரிசுகளின் பங்கு. இந்த ஒழுங்கில் முன்னூறு பேர் சாப்பாட்டுக்கு எங்கே இடம்? வாரிசுகளில் பருவமடையாத பிள்ளைகள் இருந்தால் அது எதீம்களின் சொத்து. அதைத் தின்பது பற்றி சூரத்துந் நிஸாவில் எவ்வளவு கடுமையான எச்சரிக்கை இருக்கிறது! நான் சொன்ன வீட்டில் மூன்று பிள்ளைகளும் எதீம்கள். கத்தம் ஓத வந்தவர்களில் ஓரிருவர் அந்த சூராவை மனனம் செய்தவர்கள்.

நம்முடைய குடும்ப அமைப்பும் இந்தப் பாரத்தைக் கூட்டுகிறது. இந்தப் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மகன் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். வாப்பாவோ உம்மாவோ மௌத்தாகும்போது மையித்து கிடப்பது பெரும்பாலும் மகளுடைய வீட்டில். பந்தல் போடுவதும் அங்கேதான், உலை ஏறுவதும் அங்கேதான். மகன்மார் தங்கள் மாமியார் வீட்டாரின் முன்னால் தங்கள் வாப்பாவைக் குறைவாக அனுப்ப விரும்பமாட்டார்கள். மருமகனுக்கு மச்சான்மாரிடம் பேர் கெடக்கூடாது. கட்டாரில் ஒருவன் இருந்தால் அவன் வர முடியாத வேதனையில் காசை அனுப்பி “ஒரு குறையும் வைக்காதீங்க” என்பான். அவன் வேதனை எனக்கு விளங்குகிறது. அவன் அனுப்பியதை வைத்துப் பெரிதாகச் செய்துவிட்டால், அடுத்த மாதம் அதே தெருவில் மௌத்தாகிற சிறு வயல்காரனின் வீட்டுக்கும் அதுவே அளவாகிவிடுகிறது. வெளிநாட்டுக் காசு இல்லாத அந்த வீட்டார் “வேளாண்மை வெட்டினதும் தாறன்” என்று கடைக்குக் கடை சொல்லித் திரிகிறார்கள்.

இல்லாமல் செய்யவே முடியாது என்கிறவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி போட்டு, கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். இருபது நாள் குழந்தையைக்கூட விடவில்லை. பொரளைக் கனத்தை மயான வாசலில் முஸ்லிம்களும் மற்றவர்களும் வெள்ளைத் துணி கட்டினார்கள். நாங்கள் இங்கே வீட்டு வாசல்களில் கட்டினோம். அப்போது நாம் கேட்டதெல்லாம் நாலு முழம் கபனும் ஆறடி மண்ணும். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அந்த உத்தரவு நீங்கி, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கினார்கள். நம் பகுதி ஜனாஸாக்களும் மட்டக்களப்பைத் தாண்டி அங்கே போயின. நெருங்கிய சிலர் மட்டும் நின்றார்கள். பந்தல் இல்லை, களரி இல்லை, முன்னூறு பேர் இல்லை. மண்ணுக்குள் வைக்கக் கிடைத்ததே போதும் என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். அப்படி அடக்கப்பட்டவர்களில் யாருக்காவது மரியாதை குறைந்ததா? அவர்களின் பிள்ளைகளை ஊரில் யாராவது குறை சொன்னார்களா?

அதற்கும் முன்னால் 2004 டிசம்பர் 26, சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். கபனில்லாமல், குளிப்பாட்டாமல், ஒரே குழியில் எத்தனையோ பேரை வைத்தோம். அந்த நாட்களில் கரையிலிருந்து தள்ளியிருந்த உட்பகுதி ஊர்கள் சோறு பொதி கட்டிக் கட்டிக் கரைக்கு அனுப்பின. மௌத்து விழுந்த பக்கத்துக்கு மற்றப் பக்கம் சோறு அனுப்ப வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல, செய்து காட்டியும் இருக்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மலேசியாவில் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மரண உதவி நிதி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் அடக்கச் செலவை அதுவே பார்க்கும். நமக்கு அடக்கத்துக்கு அது தேவைப்படாது. அப்படி ஒரு நிதியை மஹல்லாவில் சேர்த்து மௌத்து வீட்டாரின் மூன்று நாள் சாப்பாட்டுக்கும், இத்தா இருக்கிறவளின் நாலு மாத வீட்டுச் செலவுக்கும் வைக்கலாம். தெருவில் எட்டு வீடு சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு மூன்று நாள் சோறும் தேத்தண்ணியும் பாரமே இல்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களை அந்த எட்டு வீடும் பிரித்துக் கவனிக்கலாம். பள்ளி ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொல்லும்போது, தொழுகை நேரத்தோடு சேர்த்து, இந்த வீட்டில் சாப்பாடு கொடுக்கப்படமாட்டாது என்று ஒரு வரி சொல்லுங்கள். எல்லா ஜனாஸாவுக்கும் சொல்லுங்கள், போடியார் வீடானாலும் கூலிக்காரர் வீடானாலும். ஒருவர் வீட்டுக்கு மட்டும் சொன்னால் அது அவமானமாகிவிடும். எல்லாருக்கும் சொன்னால் ஊர் வழக்கமாகிவிடும். நாலு மரைக்கார்மார் ஒன்றாக இருந்து முடிவெடுத்தால் ஒரு ஜும்ஆவில் நடக்கிற வேலை.

ஆட்கள் கோவிப்பார்கள் என்று ஒரு பள்ளி நிருவாகத்தவர் எனக்குச் சொன்னார். கோவிக்கட்டும். சோறு கிடைக்காததற்காக ஜனாஸாவுக்கு வராமல் விடுகிறவர் வந்துதான் என்ன?

என்னுடைய வஸிய்யத்தை எழுதிவிட்டேன். யார் யாருக்குக் கடன், எந்த நோன்பு கழாவாக இருக்கிறது, எவருக்கு எவ்வளவு சதகா என்று எல்லாம் அதில் இருக்கிறது. நாற்பது நாளைக்கு என் பேரில் இந்த வீட்டில் கூட்டம் கூட்டி உலை வைக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். மூத்த மகள் வாசித்துவிட்டு, “உம்மா, மாமி ஆக்கள் என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டாள். அவளுடைய மாமி வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.