நார்வாவின் டாங்கியும் நினைவைக் காவல் காக்கும் அரசுகளும்

2022 ஒகஸ்ட் 16 காலை, எஸ்தோனியாவின் கிழக்கு எல்லையில் உள்ள நார்வா நகருக்கு அருகே, பீடமொன்றின் மேல் நின்ற சோவியத் காலத்து ரி-34 டாங்கியை பாரந்தூக்கியால் தூக்கி வாகனத்தில் ஏற்றினார்கள். 1970 முதல் அது அங்கே நின்றது. ஆண்டுதோறும் மே 9 வந்தால் நகரத்து மக்கள் அதற்குப் பூ வைப்பார்கள். அன்று அது தலைநகர் தாலினுக்கு அருகிலுள்ள போர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகப்பட்டது. மறுநாளே எஸ்தோனிய அரச இணையத்தளங்கள் மீது பெரும் சைபர் தாக்குதல் நடந்தது. 2007இற்குப் பிறகு இவ்வளவு பெரிய தாக்குதலைக் கண்டதில்லை என்றார்கள் அதிகாரிகள். ஆனால் பொதுமக்கள் பெரும்பாலும் அதை உணரவில்லை.

அரசாங்கம் சொன்ன காரணம் பொது ஒழுங்கு. கடந்த காலத்தை வைத்து ரஷ்யா நாட்டின் அமைதியைக் குலைக்க இடமளிக்க முடியாது என்றது. ஐம்பது வருடமாகச் சுடாத ஒரு டாங்கி எப்படி நாட்டின் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறது? இந்தக் கேள்வியைச் சுற்றி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு தனி ஆய்வுத் துறையே வளர்ந்திருக்கிறது. பாதுகாப்பு, பண்பாட்டுக் கொள்கை, வரலாறு ஆகிய மூன்றும் அங்கே ஒரே மேசைக்கு வந்திருக்கின்றன. எங்கள் வாசகர்களுக்கு இந்த ஆய்வுகளில் புதிதாக ஏதுமில்லை என்று தோன்றலாம். துயிலும் இல்லங்கள் உழப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு, கல்லும் சீமெந்தும் அரசைப் பயமுறுத்தும் என்பதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கதையில் நாம் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்பது முதற்பார்வைக்குத் தெரிவதுபோல் எளிதாக இல்லை.

எஸ்தோனியாவைச் சேர்ந்த அரசறிவியலாளர் மரியா மல்க்சூ 2015இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இத்துறையில் இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அவருடைய வாதத்தை எளிமையாகச் சொன்னால் இதுதான். ஓர் அரசு தன் எல்லையைக் காப்பதுபோலவே தன் கதையையும் காக்க முயல்கிறது. அந்தக் கதையைக் கேள்வி கேட்பவர் அரசின் கண்ணுக்கு எதிரியாகத் தெரிகிறார். ஆனால் ஒருவரின் நினைவுக்குப் போடும் வேலி பக்கத்து வீட்டுக்காரரின் நினைவுக்கு அச்சுறுத்தலாகிறது. அவரும் வேலி போடுகிறார். ஆயுதப் போட்டியில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. இரு பக்கமும் முன்பைவிடப் பாதுகாப்பற்றதாகிறது. மல்க்சூ ரஷ்யாவின் அச்சுறுத்தலை அறியாதவர் அல்லர். அந்த அச்சுறுத்தலுக்குள் பிறந்து வளர்ந்தவர். அதனால்தான் அவருடைய எச்சரிக்கைக்குக் கனம் கூடுகிறது.

2007 ஏப்ரலில் தாலினில் நடந்தது இதற்கு முதற்பெரும் உதாரணம். 1947இல் நகரின் நடுவில் நிறுவப்பட்ட வெண்கலப் படைவீரன் சிலையையும் அதன் அடியில் புதைக்கப்பட்டிருந்த சோவியத் படையினரின் எச்சங்களையும் அரசு இராணுவ மயானத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. இரண்டு இரவுகள் கலவரம். ஒருவர் கொல்லப்பட்டார், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். கூடவே வங்கிகள், அமைச்சுகள், பத்திரிகைகளின் இணையத்தளங்கள் வாரக்கணக்காகத் தாக்கப்பட்டன. அடுத்த வருடம் நேட்டோவின் சைபர் பாதுகாப்பு நிலையம் தாலினில் அமைக்கப்பட்டது. ஒரு சிலையை நகர்த்திய சண்டை உலகின் பெரிய இராணுவக் கூட்டணியின் பாதுகாப்புச் சிந்தனையைத் திருப்பிவிட்டது. (அந்த ஏப்ரலில் ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். தாலின் என்ற பெயரை நான் கேட்டது பல வருடம் கழித்து, ஊடகக் கற்கை வகுப்பில்.)

எஸ்தோனியருக்கு அந்தச் சிலை எதைக் குறித்தது? 1940இல் சோவியத் ஒன்றியம் நாட்டை விழுங்கியது. பிறகு மூன்று வருடம் ஜேர்மனி. 1944இல் மீண்டும் சோவியத். அது 1991 வரை போகவில்லை. 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டனர். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். அவர்களின் வீடுகளில் அந்த வெண்கல வீரன் ஆக்கிரமிப்பாளன். அதே நகரத்தில் ரஷ்ய மொழி பேசும் குடும்பத்தில் அவன் ஹிட்லரைத் தோற்கடித்துத் திரும்பி வராத தாத்தா. இரண்டும் பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

மாஸ்கோ இதை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்தின் நடவடிக்கைகள் பற்றித் தெரிந்தே பொய்த் தகவல் பரப்புவதை 2014இல் குற்றமாக்கினார்கள். 2020 அரசியலமைப்புத் திருத்தத்தில், வரலாற்று உண்மையைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று எழுதினார்கள். 2021 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டிவந்த அமைப்பு அது. இரண்டு மாதம் கழித்து, பாதி வரலாற்றுப் பாடமாகவே அமைந்த உரைகளோடு, உக்ரேன் மீது படை ஏறியது. 2024 பெப்ரவரியில் அப்போதைய எஸ்தோனியப் பிரதமர் காஜா கல்லாஸின் பெயர் ரஷ்ய உள்துறை அமைச்சின் தேடப்படுவோர் பட்டியலில் காணப்பட்டது. சோவியத் நினைவுச்சின்னங்களை அழித்தார் என்பதே அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம். சொந்த நாட்டில் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலைப் பூட்டிவிட்டு, அயல்நாட்டில் இருந்த டாங்கிக்காக வழக்குப் போடுகிறது ஓர் அரசு.

ரஷ்யா மட்டும் இப்படி என்று எழுதி முடித்துவிட்டால் வசதிதான். போலந்து அதற்கு இடம் தராது. 2018இன் தொடக்கத்தில் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நாஸிக் குற்றங்களில் போலந்துத் தேசத்துக்கோ அரசுக்கோ பங்குண்டு என்று உண்மைக்கு மாறாகச் சொன்னால் மூன்று வருடம் வரை சிறை. ஜேர்மனி போலந்து மண்ணில் கட்டிய வதைமுகாம்களைப் 'போலந்து முகாம்கள்' என்று உலகப் பத்திரிகைகள் எழுதிய எரிச்சல் அதன் பின்னால் இருந்தது. அந்த எரிச்சல் நியாயமானது. இஸ்ரேலும் அமெரிக்காவும் எதிர்த்ததால் அதே வருடம் ஜூனில் சிறைத் தண்டனைப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் சட்டம் உண்டாக்கிய காற்று நிற்கவில்லை. கிராமங்களில் யூதர்கள் காட்டிக்கொடுக்கப்பட்ட வரலாற்றை இரண்டு பெரும் தொகுதிகளாகத் தொகுத்த பார்பரா எங்கெல்கிங், யான் கிராபோவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர். போர்க்காலக் கிராமத் தலைவர் ஒருவர் பற்றிய ஒரு பகுதிக்காக அவருடைய உறவினர் தொடுத்த வழக்கு. 2021 பெப்ரவரியில் மன்னிப்புக் கேட்குமாறு தீர்ப்பு வந்தது. ஒகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆய்வாளர்கள் வென்றார்கள். ஆனால் அந்தப் பொருளில் அடுத்து ஆய்வேட்டை எழுத இருக்கும் இளம் மாணவி, தலைப்பைத் தெரிவு செய்யும்போது இந்த வழக்கை நினைக்காமல் இருப்பாளா?

கடான்ஸ்க் நகரின் இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகத்தில் நடந்தது இதைவிடச் சுவாரசியமானது. 2017 மார்ச்சில் திறக்கப்பட்டு ஒரு சில வாரங்களில் அதை உருவாக்கிய பணிப்பாளர், வரலாற்றாசிரியர் பாவெல் மஹ்செவிச் நீக்கப்பட்டார். போரைப் படையினரின் வீரமாகக் காட்டாமல், எல்லா நாட்டுப் பொதுமக்களின் துயரமாகக் காட்டியதுதான் அன்றைய அரசுக்குப் பிடிக்கவில்லை. காட்சிக்கூடத்தின் இறுதியில், 1945இற்குப் பிறகும் உலகில் போர் ஓயவில்லை என்று காட்டும் படமொன்று ஓடியது. அதை எடுத்துவிட்டு, போலந்தின் வீரத்தைச் சொல்லும் அசைபடத்தைப் போட்டார்கள். புதிய பணிப்பாளராக வந்தவர் கரோல் நவ்ரோட்ஸ்கி. இன்று அவர் போலந்தின் ஜனாதிபதி. அருங்காட்சியகம் அரசியலுக்கு வெளியே இருக்கும் அமைதியான இடம் என்று நம்புபவர்கள் இந்த ஒரு மனிதரின் பாதையைப் பார்த்தால் போதும். ஆட்சி மாறியபின் 2024இல் வந்த நிர்வாகம், இடையில் சேர்க்கப்பட்டிருந்த போலந்து வீரர், புனிதர் ஆகியோரின் படங்களை அகற்றியது. பெரும் கூச்சல் எழுந்ததும் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. தேர்தலுக்குத் தேர்தல் சுவர் மாறும் அருங்காட்சியகம்.

இப்படியான சட்டங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த ரஷ்ய வரலாற்றாசிரியர் நிகொலாய் கொபோசோவ் 2017இல் வெளியிட்ட நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளில் யூத இனப்படுகொலையை மறுப்பதைத் தடை செய்யும் சட்டங்கள் கொல்லப்பட்டவர்களின் நினைவைக் காக்க வந்தவை. அந்தந்த நாட்டு அரசின் சொந்தக் குற்றத்தையும் அவை ஒப்புக்கொள்கின்றன. கிழக்கே போகப் போக, குறிப்பாக ரஷ்யாவில், அதே சட்ட வடிவம் அரசின் பெயரைக் காக்கும் கருவியாக மாறிவிடுகிறது. கொன்றவரின் நினைவையே அது காக்கிறது. எனக்கு இந்த அளவுகோல் பிடித்திருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் அளக்காது. எஸ்தோனியர் சோவியத் அரசால் பாதிக்கப்பட்டவர்கள். இன்று அவர்களே அரசு. பாதிக்கப்பட்டவர் கையில் அரசு வந்தபின் அவர் போடும் சட்டம் எந்தப் பக்கத்தில் சேரும்?

இந்த நினைவுச் சண்டையில் எனக்கு மிக வலித்த பகுதி டாங்கியும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. எலும்புகள். 1943இலும் அதை ஒட்டியும் வொலினியாவிலும் கிழக்குக் கலீசியாவிலும் உக்ரேனியக் கிளர்ச்சிப் படை பல்லாயிரம் போலந்துப் பொதுமக்களைக் கொன்றது. பழிவாங்கலில் உக்ரேனியரும் கொல்லப்பட்டனர். 2016இல் போலந்துப் பாராளுமன்றம் வொலினியாப் படுகொலைகளை இனப்படுகொலை என்று தீர்மானித்தது. 2017இல் போலந்துக் கிராமமொன்றில் அந்தக் கிளர்ச்சிப் படைக்கு இருந்த நினைவுச்சின்னம் இடிக்கப்பட்டது. பதிலாக உக்ரேன், தன் மண்ணில் போலந்துக்காரரின் புதைகுழிகளைத் தோண்டித் தேடும் வேலையை நிறுத்தியது. அதற்குப் பிறகு, 2022இல் போலந்து தன் வீடுகளையே திறந்து இலட்சக்கணக்கான உக்ரேனிய அகதிகளை ஏற்றபோதும், ஆயுதம் அனுப்பியபோதும்கூட, அந்தக் குழிகள் திறக்கப்படவில்லை. 2024 நவம்பரில்தான் இணக்கம் வந்தது. 2025 ஏப்ரலில் புஸ்னிகி என்ற அழிந்த கிராமத்தில் தோண்டத் தொடங்கினார்கள். செப்டெம்பரில் அங்கேயே எச்சங்களை முறைப்படி அடக்கம் செய்தார்கள். எண்பது வருடம். அதில் ஏழு வருடத்துக்கு மேல், இரண்டு நட்பு அரசுகள் ஒன்றின் தூபிக்கு மற்றதன் எலும்பைப் பணயமாகப் பிடித்துவைத்த காலம்.

நார்வாவுக்குத் திரும்புவோம். அந்நகரத்தவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ரஷ்ய மொழி பேசுவோர். அவர்கள் அங்கு வந்த கதையும் நேரானதில்லை. 1944இல் குண்டுவீச்சில் பழைய நகரம் நொருங்கியது. வெளியேறிய எஸ்தோனியர் போருக்குப் பிறகு திரும்பிக் குடியேற அனுமதிக்கப்படவில்லை. தொழிற்சாலைகளுக்காக ரஷ்யாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். இடம்பெயர்ந்தவன் ஊர் திரும்ப முடியாமல் போவதும் அவன் காணியில் அரசு வேறு ஆட்களைக் குடியேற்றுவதும் என்ன என்று எங்களுக்குத் தெரியும். மணலாற்றை அறிந்தவர் இதைப் படிக்கும்போது தன்னை எஸ்தோனியராகவே உணர்வார். அது இயல்பு.

ஆனால் அதே பக்கத்தை மேலும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து ரஷ்ய மொழிப் பாடசாலைகள் படிப்படியாக எஸ்தோனிய மொழிக்கு மாற்றப்படுகின்றன. முதலாம், நான்காம் வகுப்புகளில் தொடங்கியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி, ரஷ்ய, பெலாருஸ் குடியுரிமை வைத்திருப்போரின் உள்ளூராட்சி வாக்குரிமையை எடுத்தார்கள். நார்வாவில் அப்படியானவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. மொழி, வாக்கு, நினைவுச்சின்னம். இந்த மூன்றும் ஒரு சிறுபான்மையிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் என்ன ஆகும் என்று 1948இலும் 1956இலும் தொடங்கிய கதையை வைத்திருப்பவர்கள் நாங்கள். அப்போது நாங்கள் நார்வாவில் பூ வைக்கும் கிழவியாகவும் உணர வேண்டியிருக்கிறது.

இரண்டு நாட்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. எஸ்தோனியாவில் யாரும் காணாமல் ஆக்கப்படவில்லை, சிறுபான்மை மீது செல் விழவில்லை, வழக்காட ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் நிற்கும் படை கற்பனையும் இல்லை. ரஷ்ய மொழி பேசுவோரைக் காக்கிறோம் என்று சொல்லித்தான் அது டொன்பாஸுக்குள் போனது. ஆனால் 'அவர்களின் நினைவு எங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து' என்ற வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோதும், கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த நிலத்தின் மேல் படைத் தலைமையகம் எழுந்தபோதும், கார்த்திகை மாதம் வந்தால் நீதிமன்றத் தடையுத்தரவோடு பொலிஸார் வீடு தேடி வந்தபோதும் எங்களுக்குச் சொல்லப்பட்டது அந்த வாக்கியத்தின் உள்ளூர் மொழிபெயர்ப்புத்தான். மல்க்சூவின் வேலியும் சரியாகவே வேலை செய்தது. இடித்த தூபி மாணவர் போராட்டத்தால் ஏப்ரலுக்குள் மீண்டும் எழுந்தது. இடிப்பதற்கு முன் அதைத் தேடிப் போகாத பலர் பிறகு போனார்கள்.

எங்களிடம் அரசு இல்லை. ஆனால் நினைவின் மேல் சிறு சிறு அதிகாரங்கள் எங்களிடமும் உண்டு. எந்த இயக்கத்தில் இறந்தவருக்கு விளக்கு, யாருக்கு இல்லை. 1990இல் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களை எங்கள் நினைவேந்தல் மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம். கொபோசோவின் அளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்கலாம்.

2023 முதல் மே 9 வந்தால் நார்வா ஆற்றின் ரஷ்யக் கரையில், இவாங்கொரொட் பக்கம், பெரிய திரை வைத்து இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். எஸ்தோனியக் கரையை நோக்கி. இந்தக் கரையில், கோட்டைச் சுவரில் அமைந்த அருங்காட்சியகம் புட்டினைப் போர்க்குற்றவாளி என்று எழுதிய பெரிய பதாகையை அந்தக் கரையை நோக்கித் தொங்கவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஆற்றங்கரையில் நார்வாவின் மக்கள் கூடி நின்று பாட்டுக் கேட்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து அவர்களுக்குத் திரை தெரிகிறது. பதாகை அவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.