சொல்லவும் உரிமை, சொல்லாமல் விடவும் உரிமை



சென்ற மாதம் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். தரம் பத்தில் படிக்கும் மகள் கொப்பிகளைப் பரப்பி வைத்திருந்தாள். 'எங்கள் துறைமுகம்' என்ற தலைப்பில் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை. எல்லாம் சரிதான்.

"இந்தத் துறைமுகத்தால் இங்கு வாழ்ந்த சனங்களுக்கு என்ன நடந்தது? அதையும் தேடிப் பாரன்" என்றேன்.

"ஆரிட்டக் கேக்கிறது மிஸ்?"

நான் தாயைப் பார்த்தேன். அவர் தையல் மெசினிலிருந்து தலை நிமிராமலே, "எனக்கென்ன மிஸ் தெரியும்? நான் எட்டாம் வகுப்போட நிண்டிட்டன்" என்றார்.

அவர் பிறந்தது சம்பூரில். கொட்டியாரக் குடாவின் அக்கரை. இரவில் துறைமுகத்து வெளிச்சம் அங்கிருந்து தெரியும். 2006 இல் சண்டை மூண்டபோது, சம்பூரிலிருந்து எறிகணை வீசினால் துறைமுகத்தில் விழும் என்பதே அந்த ஊரைப் பிடிப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம். செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இந்தப் பிள்ளை பிறந்ததே முகாமில்.

இவருக்கா துறைமுகத்தைப் பற்றித் தெரியாது?

ஆனாலும் உடனே கேள்வி கேட்க நான் விடவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், ஆய்வுக்கென்று ஒரு தாயிடம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன். எனக்குப் புள்ளி கிடைத்தது. அவர் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார். அந்தக் குற்ற உணர்வு இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஆகவே மகளுக்கு மூன்று விடயம் சொன்னேன். முதலில் அனுமதி கேள். அம்மா நிறுத்தினால் நீயும் நிறுத்து. எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

"வருசம் முடிஞ்ச கையோட கிபிர் வந்து அடிச்சது" என்று தாய் சொன்னார். மகள் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினாள். 2006 ஏப்ரல் கடைசி வாரம் என்றிருந்தது. அம்மாவின் ஞாபகம் சரி! 1942 இலும் குண்டு விழுந்தது ஏப்ரலில்தான் என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

வாசித்துக் காட்டியபோது, "தம்பின்ர கதை வேண்டாம் பிள்ள" என்றார் தாய். மகள் மறுபேச்சின்றி அந்த நான்கு வரியையும் வெட்டினாள். பிறகு மணிக்கூட்டை வைத்து எங்கள் இருவருக்கும் பேசிக் காட்டினாள். முதல் முறை ஒன்பது நிமிடம்; நான்காவது முறை ஐந்து.

வகுப்பில் அவள், "இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மா" என்று முடித்தாளாம். அதைக் கேட்ட தாய் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். கை சற்று நடுங்கியது.

சகோதரிகளே, பிள்ளை ஒப்படையோடு வந்தால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கண்டதும் சரித்திரம்தான். அதில் எதைச் சொல்வது, எதை உங்களோடு வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பவரும் நீங்களே.

அடுத்த இதழில் சந்திப்போம்.